மேலே மூட்டை, கீழே தறி

என் அருமை நாத்தனாரே, வாயாடி வசந்தி,

நீ போய் ஒரு வருஷமும் நாற்பது நாளும் ஆகிறது. திவசத்தன்று உன் படத்துக்கு முன்னால் வடையும் பாயசமும் வைத்தோம். உன்னைக் கேட்டிருந்தால் நாலு அவித்த முட்டை வைக்கச் சொல்லியிருப்பாய். திவசத்தில் முட்டையா என்று உன் அண்ணன் முறைத்தார். அதனால் மறுநாள் நானே நாலு முட்டையை அவித்து, உன் பெயரைச் சொல்லி நானே தின்றுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த நினைவு நாளில் நம் மாடியில் நடந்ததைப் பற்றித் தெருவே பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. மீதியை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் இதை மாடிக் கதவில் ஒட்டப்போகிறேன். காலையில் மாடிக்கு மூட்டை தூக்க வருகிற பதினோரு பெண்களும் படிக்கட்டும். கீழே தறியில் உட்கார்ந்திருக்கும் உன் அண்ணனும் படிக்கட்டும்.

முதலில் பழையதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரண்டு பெட்டியோடு நீ வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. நாத்தனார் இருக்கும் வீட்டில் நிம்மதி ஏது என்று என் அக்காவுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினேன். அது உன் காதில் விழுந்திருக்கிறது. ரொம்ப நாள் கழித்து, "கேட்டேன் அண்ணி. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தாய். இப்போது மன்னிப்புக் கேட்டால் எடுத்துக்கொள்வாயா?

நீ களம்பூர் அரிசி மில்லில் பில் போடும் வேலைக்குப் போனாய். ஒரு நாள் உன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை சரிந்து விழுந்து வழியை அடைத்துக்கொண்டது. அதை நகர்த்த ஆள் வரும்வரை அரைமணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாயாம். அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பொரிந்து தள்ளினாய். "நாள் பூரா மூட்டை கணக்கு எழுதிகினு இருக்கேன் அண்ணி. ஒரே ஒரு மூட்டையை நகத்த எனக்கு இன்னொரு ஆள் வேணுமா?" அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது.

பிரித்துப் பார்த்தால் கெட்டில்பெல். பன்னிரண்டு கிலோ இரும்பு உருண்டை, மேலே பிடிக்க ஒரு வளையம். உன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாம்மா இது, இவ்ளோ பெரிய பூட்டு? கோட்டைக்குப் போடறதுக்கா?" என்றார். அன்றிலிருந்து அதற்கும், பின்னால் நீ வாங்கிய சின்னதற்கும் பூட்டு என்றே பெயர். இன்றைக்கும் நம் மாடியில் கெட்டில்பெல் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. "அக்கா, அந்தப் பெரிய பூட்டை எடு" என்றால்தான் கை நீளும்.

பிறகு கதாயுதம் வந்தது. சின்ன மண் கலயத்தில் சிமென்ட் கலவையை ஊற்றி, நடுவில் சவுக்குக் கம்பை நிறுத்தி, பத்து நாள் தண்ணீர் தெளித்துக் காயவைத்து, கலயத்தைத் தட்டி உடைத்தாய். ஆஞ்சநேயர் கையில் இருப்பது போலவே ஒன்று வெளியே வந்தது. எனக்கோ தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிணைத்துப் பிணைத்துத் தோள் செத்துப்போயிருந்த நேரம். தலை பின்னக்கூடக் கை பின்னால் போகாது. நீ அந்தக் கதையை என் கையில் கொடுத்து, தலைக்குப் பின்னால் இறக்கி முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவரச் சொன்னாய். "சாவடிக்கப் பார்க்கறியாடி?" என்று கத்தினேன். மூன்று மாதத்தில் நானே பின்னல் போட்டுக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டு சந்தவாசல் கல்யாணத்துக்கு வந்தேன். நினைவிருக்கிறதா?

மணல் மூட்டைக் கதையை மட்டும் நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. மில்லில் இருந்த திமிரில், மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வேன் என்பாய். இருபத்தாறு கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து பாதிவரை மணலைக் கொட்டி, பதின்மூன்று கிலோ என்று பேனாவால் எழுதினாய். நான் அதைத் தோளுக்கு ஏற்ற நாலு நாள் போராடினேன். பதின்மூன்று கிலோவைத் தூக்கத் துப்பில்லாத உடம்பா இது என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். ஐந்தாம் நாள் உன் அண்ணன் அதை நகர்த்திப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தால் இருபத்தைந்தைத் தாண்டி நின்றது. அரிசிக் கண்ணால் மணலை அளந்தால் அப்படித்தான் ஆகும். பேப்பர் கடைக்காரர் முன்னாலேயே நாம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த இருபத்தைந்து கிலோவை நான் ஏற்கெனவே இடுப்புவரை தூக்கியிருந்தேன் அல்லவா? அன்றைக்கு வந்த தைரியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்புறம் நம் மாடியின் ஒரே சட்டம். மாடிக்கு நேர் கீழே உன் அண்ணனின் தறி. மேலே எதையாவது தொப்பென்று போட்டால் கூரையிலிருந்து காரை உதிரும், பாவில் பட்டு இழை அறும். "எவ்ளோ வேணா தூக்குங்க. ஆனா கீழ போடக் கூடாது. ஒரு இழை அறுந்தாலும் மாடிக்கதவைப் பூட்டிடுவேன்" என்றார். நீ உடனே அதைச் சுவரில் எழுதி வைத்தாய்: 'தூக்குவது பாதி, இறக்குவது மீதி.' தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதுதான் தொடையைக் கிழிக்கிறது என்று ஒவ்வொருத்தியாக மாடிக்கு வந்து சேர்ந்த பெண்களுக்கும் எனக்கும் போகப்போகத்தான் புரிந்தது. வேறு ஊர்ப் பெண்கள் வீடியோவில் மூட்டையைத் தூக்கித் தடால் தடாலென்று எறிவதைப் பார்த்தால் ஷமீமா, "இவங்க தறி மேல ஒரு நாள் வந்து தூக்கட்டும்க்கா, அப்போ தெரியும் பேஜாரு" என்பாள். நம் பைகளுக்கெல்லாம் இரட்டைத் தையல் போட்டுக்கொடுத்த தையற்கடை ஷமீமாதான். இப்போது பெரிய பூட்டை ஒரே கையால் தலைக்கு மேல் நிறுத்துகிறாள்.

கடைசியாக நீ செய்த மூட்டை உன் எடைக்குச் சரியாக இருந்தது. ஐம்பத்துநாலு கிலோ. இந்தமுறை தராசில் வைத்தே நிரப்பினாய். அதன்மேல் 'வசந்தி' என்று எழுதினாய். "தன்னைத் தானே தூக்கத் தெரியணும் அண்ணி" என்று சொல்லி, மூன்று முறை அதைத் தோளில் ஏற்றி இறக்கினாய். என்னால் அதை மடிவரைக்கும்தான் கொண்டுவர முடிந்தது. "அவசரம் இல்ல அண்ணி, நான் எங்க போகப்போறேன்?" என்றாய்.

அப்படிச் சொன்னவள் ஆறே மாதத்தில் மஞ்சள் காமாலையில் படுத்தாய். கீழாநெல்லியை அரைத்து அரைத்துக் கொடுத்து நாங்கள் பத்து நாளை வீணாக்கினோம். இதை நினைக்காத நாள் இல்லை. பதினோராம் நாள் காலையில் உனக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனைவரைதான் வந்தது. அன்றைக்கென்று பார்த்துத் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கவைக்கால் கம்பு நிறுத்தி, தெருவின் நீளத்துக்கும் சிவப்புப் பட்டு இழை. அதைச் சுருட்டி முடிக்க அரைமணி ஆகும்.

எதிர்வீட்டுக்காரர் கத்தரியோடு ஓடிவந்தார். "அறுத்துடறேம்மா, உசுரை விடப் பாவா பெருசு?" என்றார். அவருடைய பாவுதான் அது, இரண்டு மாதச் சாப்பாடு. உன் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்த முழங்கால் அவரைக் கைவிட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை வசந்தி. குந்தி உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் உன்னை அணைத்தேன். முதலில் மடிக்கு, அங்கிருந்து தோளுக்கு. நீ சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

எழுந்து நின்ற பிறகுதான், மூட்டை வசந்தியை ஏற்ற முடியாதவள் நிஜ வசந்தியை ஏற்றிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. நீ இளைத்துப் போயிருந்தாய், சரி. ஆனாலும் ஆள் ஆள்தானே. சுவரோரமாக, பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த ஒரு முழ வழியில் பதினாறு வீட்டைத் தாண்டினேன். பாதி வழியில் என் காதோரம் நீ முனகினாய். "அண்ணி, பாவு... பாத்து." சாகக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா அது! தெருமுனையில் ஸ்ட்ரெச்சரில் உன்னைத் துளி சத்தம் இல்லாமல் இறக்கி வைத்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வேறு மாதிரி கொண்டுவந்தோம்.

பிறகு பேச்சு தொடங்கியது. துக்கம் கேட்க வந்த பெரணமல்லூர் சொந்தக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லு மாதிரி மூட்டை தூக்கினவளே காமாலையில போயிட்டா. அப்புறம் இன்னாத்துக்குமா இந்தக் கூத்து?" என்றாள். நான் அவளிடம் சண்டை போட்டேன். துக்க வீட்டில் சண்டை போட்டவள் என்ற பெயரும் எனக்கு வந்தது. பலம் சேர்த்தால் சாவு வராது என்று எந்த மடையன் சொன்னான்? பதினாறு வீட்டைத் தாண்டி உன்னைச் சுமக்க எனக்குப் பலம் இருந்தது. அது போதாதா? பத்து நாள் முன்னால் சுமந்திருக்க வேண்டும், அது என் புத்தியின் குறை. அந்தப் பழியைத் தோள் மேல் போடாதீர்கள் என்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். உன் அண்ணனுக்குத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தவர், திவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாடியைக் காலி செய்யச் சொன்னார். பூட்டு, கதை, மூட்டை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். "ஏங்க, இழை ஏதாவது அறுந்துதா?" என்று கேட்டேன். ஊடு இழை ஓட்டும் நாடாவைத் தறிமேல் வைத்தார். "மேல காலடி சத்தம் கேட்டா, வசந்தி வந்துட்டான்னு நிமிர்ந்து பார்க்கறேன். ஒவ்வொரு நாளும் பார்க்கறேன். முடியல தேவகி" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் முடியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் உன் மாடியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அவ நாள் அன்னிக்கு ஒரு தடவை தூக்கறோம். நீங்க கீழ நெய்யுங்க. ஒரு இழை அறுந்தாலும் நானே எல்லாத்தையும் எடைக்குப் போடறேன். அறலன்னா மாடி எங்களுக்கு" என்றேன். "சரி, பார்ப்போம்" என்றார். வாய்க்கொழுப்பு யாரை விட்டது? அதோடு நிறுத்தாமல், அன்றைக்கு உன் மூட்டையை நான் தோளில் ஏற்றி மாடியை ஒரு சுற்றுச் சுற்றுவேன் என்றும் சொல்லிவைத்தேன்.

அன்று காலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். முதல் நாள் சாயங்காலம்தான் உன் அண்ணன் ஒரு சேலையின் முந்தானையை முடித்திருந்தார். அன்றைக்கு உடலைத் தொடங்கினார். கீழே தறிச் சத்தம் சீராகக் கேட்டது. மேலே கதை சுழன்றது, பூட்டுகள் ஏறி இறங்கின, பதினோரு பேரும் பூனை மாதிரி இறக்கி வைத்தார்கள். கடைசியில் நான் உன் மூட்டைக்கு முன்னால் குந்தினேன்.

மடிக்கு வந்தது. மூச்சை அடக்கி ஒரு உந்து உந்தினேன், தோளுக்கும் வந்துவிட்டது. ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி, துணிக் கொடி, கைப்பிடிச் சுவர், மறுபடி தொட்டி. ஒரு சுற்று. உன் முனகல் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தோளிலிருந்து மடிக்கு இறக்கினேன். மடியிலிருந்து தரைக்கு இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. வியர்வையில் கை வழுக்கிவிட்டது.

தொப்.

கீழே தறி நின்றது. நாங்கள் பன்னிரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பக்கத்துத் தெருப் பால்காரர் மூன்று வீட்டுக்கு மணி அடித்துவிட்டுப் போய்விட்டார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உன்னைக் கீழே போடாதவள் உன் மூட்டையைப் போட்டுவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. அப்புறம் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உன் அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "இன்னா எல்லாம் சிலை மாதிரி நின்னுகினு இருக்கீங்க? ஒண்ணும் அறல. டீ குடிச்சிகினு இருந்தேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஷமீமா என்னைத் தூக்கியே விட்டாள். ஐம்பத்துநாலு கிலோ விழுந்தும் ஒரு இழை அறவில்லை என்று அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அன்று காலை நான் டீயே போடவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் சேலை முடிந்தது. அறுத்து இறக்கி, கடைக்குப் போகும் முன் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். முந்தானையைத் தாண்டி உடல் தொடங்கும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குள், விரலில் ஏதோ இடறியது. ஐந்து முடிச்சு. நான் இழையைப் பிணைத்தால் முறுக்கி ஒட்டுவேன், முடிச்சே தெரியாது. இது குட்டிக் குட்டியாக முடிந்து நகத்தால் கிள்ளிய முடிச்சு. அப்படி முடிகிறவர் நம் வீட்டில் ஒருவர்தான். தறிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் உள்ளங்கை அளவுக்குக் காரை பெயர்ந்திருந்தது. தட்டைக்கூட எடுத்து வைக்காத மனிதர், நான் வருவதற்குள் உதிர்ந்ததை எல்லாம் கூட்டி அள்ளியிருக்கிறார்.

சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "இது எப்போ அறுந்துது?" என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "பட்டுன்னா அறும். நீ உன் வேலையைப் பாரு" என்றார். நான் நகரவில்லை. அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்குத் தெருவுல நான் தூக்கியிருக்கணும். நீ தூக்கினே. நான் இழையாவது முடியக் கூடாதா?"

அந்த இடத்தில் நான் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். நீ இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

நேற்று ஒரு வேடிக்கை. உன் அண்ணன் களம்பூரிலிருந்து நாலு சாக்கு உமி வரவழைத்து, ஷமீமாவிடம் கொடுத்து மெத்தை மாதிரி தைக்கச் சொல்லியிருக்கிறார். இன்று காலை அவரே தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து விரித்தார். "இனிமே விழுந்தா விழட்டும்" என்றார். போகிறபோது சின்னப் பூட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முட்டிக்கு மேல் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதை மெல்ல, சத்தமே இல்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்துவிட்டேன் என்பது இதைப் படிக்கும்போது அவருக்குத் தெரியும்.

பெண்களே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று இழை அறுந்தது. ஐந்து இழை. போட்டவள் நான். பேச்சுப்படி மாடி எங்களுடையது இல்லை. அது அவராகக் கொடுத்தது.

வசந்தி, ஒரு வாக்குத் தருகிறேன். மெத்தை இருக்கிறது, விழுந்தாலும் இனி கீழே அதிராது. ஆனாலும் உன் மூட்டையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோளில் ஏற்றுவேன். அன்று தெருமுனையில் உன்னை எப்படி இறக்கி வைத்தேனோ, அப்படியே அதையும் இறக்கி வைப்பேன். கீழே உன் அண்ணன் இருக்கிறார்.

பதினாறு வீடு உன்னைத் தோளில் சுமந்த,
உன் அண்ணி தேவகி